தண்ணித் தலையன்

மொம்பாசாவின் மீது நெடுமழைக் காலம் இறங்கியிருந்தது. கடலுக்கும் வானுக்கும் நடுவே இருந்த கோடு அழிந்து மூன்று நாள்கள் ஆயின. மாமரங்கள் கிளை தாழ்த்தி நின்றன. தொழுகைக்கு அழைக்கும் குரலும் நனைந்தே வந்தது. துறைமுகத்துத் தேயிலைக் கிடங்கின் தகரக் கூரைமேல் மழை ஓயாது முழங்கிற்று. அம்முழக்கத்தின் கீழே, மனிதர் பேசிய பேச்சில் பாதி அவரவர் வாயோடே கரைந்தது.

"ஏய் மெஜுமா! கதவைச் சாத்து!"

மேஸ்திரி அத்துமானி பொத்தானை அழுத்திவிட்டு, சரக்கு லிஃப்ட் குழிக்குள் எட்டி மேலே பார்த்துக் கத்தினான். மூன்றாம் மாடியிலிருந்து மூட்டைகளோடு புறப்பட்ட லிஃப்ட் தட்டு ஒரு முழம் இறங்கியது; சடக்கென்று நின்றது.

"திரும்பவும் திறந்துட்டா பாருடா!"

எந்த மாடியில் கதவு திறந்தாலும் நகராத லிஃப்ட் அது. கீழ்க்கதவு ஒன்றுக்குத்தான் அந்த விதி இல்லை. ஒவ்வொரு நடைக்கும் சாத்தித் திறந்தால் நேரம் போகிறதென்று, அதன் விசையை அத்துமானியே சென்ற ஆண்டு கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டான்.

நண்பகலுக்குள் மூன்றாம் மாடித் தேயிலை முழுதும் லாரி ஏற வேண்டும். கப்பல் காத்திராது. "இன்னைக்கும் தாமதம்னா நாளைக்கு வேற மேஸ்திரி" என்று மேலாளர் காலையிலேயே சொல்லிப் போயிருந்தார். அரை மணி நேரமாக ஒரு மூட்டையும் இறங்கவில்லை.

"மேல என்ன பண்றா அவ? மரவள்ளி வேக வைக்கிறாளா?"

"வெந்தா நமக்கும் ரெண்டு துண்டு வரும், மேஸ்திரி" என்றான் சுமைதூக்கி கலுமே.

"உன் பல்லை மூடு!"

அத்துமானி மறுபடி பொத்தானை அழுத்தினான். மறுபடி குழிக்குள் எட்டினான். "சோம்பேறி! ஒரு கதவு சாத்தக் கையில்லையா உனக்கு? நீ வேலைக்கு வந்து பத்து நாளாகல, என் வேலைக்கு உலை வைக்கிறியா?"

தட்டு அசைந்தது, நின்றது. மேலிருந்து மெஜுமாவின் குரல் மழையைக் கிழித்து வந்தது. ஒரே ஒரு சொல்தான் கீழே விழுந்தது.

"தலை! தலை!"

கலுமே வாயைப் பொத்திக்கொண்டான். மற்றவர்கள் மூட்டைகளுக்குப் பின்னால் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். 'தண்ணித் தலையன்' என்பது அந்தத் துறைமுகத்தில் மடையனுக்கு வழங்கும் வசை.

"என்னடா சொன்னா?"

"பாதிதான் கேட்டுச்சு, மேஸ்திரி. 'தண்ணி' மழையில கரைஞ்சிருச்சு போல."

அத்துமானியின் முகம் கறுத்தது. பதினெட்டு ஆண்டு மூட்டை சுமந்து மேஸ்திரி ஆனவன் அவன். அத்தனை பேர் முன்னிலையில் நேற்று வந்தவள் வைகிறாள்!

"நான் மேல போறேன். நானே கதவைச் சாத்துறேன். நீ பொத்தானை அழுத்து. முதல் நடையில தேயிலை வரட்டும், அடுத்த நடையில அவளை மூட்டையாக் கட்டி அனுப்புறேன்!"

படிகளை இரண்டிரண்டாகத் தாவினான். மூன்றாம் மாடியில், லிஃப்ட் கதவைப் பிடித்தபடி மெஜுமா நின்றிருந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"யாரைடி தண்ணித் தலையன்னே?"

"அண்ணே, நான் அப்படிச் சொல்லல. மழையில..."

"பேசாதே! துணியை எடுத்துட்டு வீட்டுக்குக் கிளம்பு. என் பிள்ளைங்க சோத்துல மண்ணைப் போடத்தானே வந்தே?"

அவளை விலக்கிக் கதவை அறைந்து சாத்தினான். கீழே கலுமே பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். இருபது மூட்டைப் பாரத்தோடு தட்டு இறங்கத் தொடங்கியது.

"பார்த்தியா? என் கை பட்டதும் இறங்குது!"

மெஜுமா கதவின் கிராதி வழியே குழிக்குள் பார்த்தாள். மறுகணம் அவனை மோதித் தள்ளிக் கதவை இழுத்துத் திறந்தாள். தட்டு குலுங்கி நின்றது.

அத்துமானி கையை ஓங்கிவிட்டான்.

"அடிங்க, அண்ணே. அடிக்கிறதுக்கு முன்னால கீழ ஒரு தரம் பாருங்க."

தட்டுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்து வழியே அவன் பார்த்தான். அடியில், கீழ்க்கதவுக்குள் கழுத்தை நீட்டி, தட்டு வருகிறதா என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தது கலுமேயின் முகம்.

"அரை மணி நேரமா அங்க இருந்தது உங்க தலை, அண்ணே. 'தலையை எடுங்க'ன்னுதான் கத்தினேன். நீங்க திட்ட உள்ள நீட்டுறப்பல்லாம் நான் கதவைத் திறந்தேன்."

ஓங்கிய கை தானாக இறங்கிற்று.

அவன் படியிறங்கினான். கலுமேயின் சட்டையைப் பற்றிப் பின்னுக்கு இழுத்தான். கீழ்க்கதவின் விசையிலிருந்த கம்பியைத் தன் நகத்தாலேயே பிரித்தான். விரலில் ரத்தம் கசிந்தது.

"மேஸ்திரி, இனி ஒவ்வொரு நடைக்கும் சாத்தணுமே! கப்பல்?"

"போனாப் போகட்டும். மேஸ்திரி வேலையும் போகட்டும். சாத்துடா."

மழைக்குள்ளிருந்து நண்பகல் தொழுகை அழைப்பு வந்தது. அத்துமானி வெறுஞ்சாக்கு ஒன்றை விரித்தான். அரை மணி நேரமாகக் குழிக்குள் நீண்டு நீண்டு மீண்ட அந்தத் தலை, தரையில் பதிந்து நெடுநேரம் எழவில்லை.

எழுந்தபோது, கட்டிய தொண்டையின் குரல் மூன்று மாடி கடந்து வந்தது. இம்முறை ஒரு சொல்லும் கரையவில்லை.

"நூறு வருஷம் நிலைக்கட்டும், அண்ணே, உங்க தலை!"