வெறும் முகம்

அந்தப் பெண்ணைப் பார்த்ததுமே கோமளாவுக்குப் பிடிக்கவில்லை.

மாடலிங் தேர்வுக்கு வருகிற லட்சணமா இது? சாயம் போன கறுப்பு டீ-ஷர்ட். தலையை இழுத்துக் கட்டி ஒரு ரப்பர் பேண்ட். முகத்தில் பவுடர்கூடக் கிடையாது. பால் பாக்கெட் வாங்கக் கிளம்பியவள் மாதிரி வந்து, வர்ஷாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கோமளா தன் மகளைப் பார்த்துக்கொண்டாள். அப்பப்பா, கண்ணு பட்டுடும் போலிருக்கே! ஆவடியிலேயே பெரிய பார்லரில் போட்ட மேக்கப். கல்யாணப் பெண்ணுக்குப் போடுவது. "மழையில நனைஞ்சாலும் அசையாது மேடம், வாட்டர்ப்ரூஃப்" என்று பார்லர்காரி சத்தியம் பண்ணாத குறை.

பூந்தமல்லியில் புதிதாகத் திறக்கும் ஒரு ஜவுளிக்கடைக்கு விளம்பர முகம் தேடுகிறார்கள். அதற்குத்தான் மண்ணூர்பேட்டையில் இந்த மாடி ஸ்டூடியோவில் இத்தனை பெண்கள்.

வர்ஷாவின் அப்பா கிருபாகரன் கறாராகச் சொல்லிவிட்டார். "இந்த ஒரு வாட்டிதான். கிடைக்கலையா, மறுபேச்சு பேசாம பி.எட். சேரணும்."

அதனால் கோமளாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள். உட்கார்ந்தாள். ஜன்னல் வரை போய் வந்தாள். வர்ஷாவின் நெற்றிச்சுட்டியை நாலாவது தடவையாக நேராக்கினாள்.

"அம்மா, சும்மா இரேன்" என்று வர்ஷா முனகினாள்.

ஆட்களை உள்ளே அனுப்பும் கோகுல்நாத் கதவைத் திறந்து தலையை நீட்டினான். "கூப்பிட்டதும் வந்துடணும். ஆள் இல்லேன்னா அடுத்த பேருக்குப் போயிடுவேன். முதலாளி மத்தியானம் கிளம்பிடுவார், அப்புறம் என்னைக் கேட்டுப் பிரயோஜனமில்ல."

கதவு மூடியதும் கறுப்பு டீ-ஷர்ட் வர்ஷாவின் பக்கம் சாய்ந்தாள்.

"ஏம்மா, தப்பா நெனைக்காத. மூஞ்சியக் கழுவிடு. மொத தபா வெறும் மூஞ்சியத்தான் பாப்பாங்க. நானும் போன வாட்டி இப்டித்தான் பூசிகினு போனேன். பாக்காமலே ஊட்டுக்கு அனுப்ச்சிட்டாங்க."

வர்ஷா தயக்கத்தோடு அம்மாவைப் பார்த்தாள்.

கோமளாவுக்கு வந்ததே கோபம்! "இங்க பாரும்மா, உன் பேரென்ன?"

"கார்த்திகா, ஆன்ட்டி. இங்கதான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல, எக்ஸ்போர்ட் கம்பெனில துணி தைக்கிறேன்."

"உன் வேலையை நீ பாரு. என் பொண்ணுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்."

கார்த்திகா வர்ஷாவின் கன்னத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு சட்டென்று எழுந்தாள்.

"ஆன்ட்டி, கீழ கடை வரிக்கும் போய்ட்டு ஓடியாந்துட்றேன். என் பேரு கூப்ட்டா, ஒரு நிமிசம்னு மட்டும் சொல்லுங்க ஆன்ட்டி. கம்பெனில கெஞ்சி பர்மிசன் வாங்கினு வந்துகீறேன், இன்னொரு தபா குடுக்க மாட்டாங்க."

கோமளா தலையை ஆட்டினாள். அது ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவளுக்கே தெரியாது.

படியில் செருப்புச் சத்தம் இறங்கி முடிவதற்குள் கதவு திறந்தது.

"கார்த்திகா!"

கோமளா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"கார்த்திகா இருக்காங்களா?"

வர்ஷா வாயைத் திறந்தாள். கோமளா அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"அம்மா, பாவம்மா அந்த அக்கா..."

"பேசாம இருடி. உன் முகத்தைக் கழுவ வச்சுட்டு, அவ போய் நிக்கலாம்னு பார்த்தா. டீ குடிக்கப் போனவளுக்கு நாம என்ன ஏஜென்ட்டா?"

"சரி, அடுத்து வர்ஷா!"

மகளை உள்ளே தள்ளாத குறையாக அனுப்பிவிட்டு, ஆவடியில் இருக்கிற எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டாள் கோமளா. வேண்டி முடிக்கவில்லை. வர்ஷா வெளியே வந்துவிட்டாள், கண் கலங்கி.

"முகமே தெரியலையாம்மா. எல்லாத்தையும் கழுவிட்டு வரச் சொல்றாங்க. அடுத்த பொண்ணு முடிக்கிறதுக்குள்ள வரணுமாம். இல்லேன்னா கிளம்புன்னுட்டாங்க."

கோமளா மகளை இழுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். தண்ணீரை வாரி வாரி அடித்தாள். சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். பார்லர்காரி பொய் சொல்லவில்லை. மை மட்டும் இறங்கிக் கன்னமெல்லாம் கறுப்பாக வழிந்தது. மற்றதெல்லாம் சுவரில் அடித்த பெயின்ட் மாதிரி அப்படியே நின்றது.

"போச்சு! எல்லாம் போச்சு! உங்கப்பா மூஞ்சில எப்படி முழிப்பேன்!" என்று கோமளா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நவுருங்க ஆன்ட்டி."

கார்த்திகா. மூச்சு வாங்கியது. டீ-ஷர்ட் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கையில் ஒரு சின்ன தேங்காய் எண்ணெய் பாட்டிலும் கொஞ்சம் பஞ்சும்.

"இது தண்ணில போவாது ஆன்ட்டி, எண்ணெதான் எடுக்கும். பாத்தவுடனே தெரிஞ்சிது, அதான் ஓடினேன். கீழ கட மூடிகீது, மெயின் ரோடு வரிக்கும் போக வேண்டியதாப் பூட்சி. கண்ண மூடிக்கம்மா."

பஞ்சில் எண்ணெயை ஊற்றி, அவள் பதமாகத் துடைக்கத் துடைக்க, வர்ஷாவின் சொந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

துடைத்தபடியே, திரும்பாமல் கேட்டாள் கார்த்திகா.

"என் பேர இன்னும் கூப்டலல்ல, ஆன்ட்டி?"