தலைகீழ் மீன்

கோட்டையின் இடிந்த கோபுரத்தை அளக்க வந்த அதிகாரி கர்ரிகூ எங்கள் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார். ஊற்றிக் கொடுத்த ஒயினைத் தொடவில்லை. அவர் கண் சுவரிலேயே அலைகிறது. கோபுரக் கல்லில் பழைய கொத்தன் ஒருவன் தன் அடையாளமாகச் செதுக்கிய, தலை நிமிர்ந்த மீன், அவர் நோட்டில் படமாக இருக்கிறது. "மிச்சக் கல்லெல்லாம் எங்கேம்மா போச்சு?" என்கிறார். "புரட்சிக் காலத்துல எவன் தூக்கிட்டுப் போனானோ, எங்களுக்கென்னங்க தெரியும்?" என்றபடியே என் மனைவி லெயோன்தீன் கணப்படுப்பின் மேல்கல்லில் ஈரத்துணியைத் தொங்கவிடுகிறாள். என் முப்பாட்டன் அவசரத்தில் தலைகீழாகப் பதித்த கல் அது. மாலை வெயிலில், துணிக்குக் கீழே மீனின் தலை எட்டிப் பார்க்கிறது.  அதிகாரி நோட்டை மெதுவாகத் தலைகீழாகத் திருப்புகிறார்.