உள்ளங்கையில் ஒரு சொட்டு

“போச்சு! மூடி கழண்டுடுச்சு!”

நான் கத்தியதும், எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த நண்பன் வக்கீல் எட்டிப் பார்த்தான். உப்புப் புட்டியின் மூடி, எழுந்து போயிருந்த மாஸ்டரின் மீன் சூப்பில் மிதந்துகொண்டிருந்தது. உப்பு அதற்கு முன்பே உள்ளே இறங்கிவிட்டது. என் கிண்ணத்துக்குத்தான் குறி வைத்தேன். என் குறி என்றைக்குச் சரியாக இருந்தது?

“உன் கையில எதைக் கொடுத்தாலும் இப்படித்தான்டா. அன்னிக்கு மைக், இன்னிக்கு உப்பு” என்றான் வக்கீல்.

மைக் பேச்சை எடுத்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எட்டு மாதத்துக்கு முன் மாஸ்டர் மகளுக்குக் கல்யாணம். பெரிய ஹோட்டலில் முப்பது வருஷமாகக் கரண்டி பிடிப்பவன், அன்றைக்கு முழு விருந்தையும் தன் கையால் சமைத்தான். வாழ்த்திப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். நானும் மைக்கைப் பிடித்து, “எல்லாம் பிரமாதம். உப்பு மட்டும் மாப்பிள்ளை வீட்டிலேர்ந்து வரணும் போல!” என்றேன். மண்டபமே சிரித்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்காமல் சமையல்கட்டுக்குள் போனான். போனவன் போனவன்தான். என் வீட்டுப் பக்கம் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. ஹோட்டலுக்கும் நீண்ட லீவு போட்டுவிட்டதாகக் கேள்வி. முப்பது வருஷ சிநேகத்தை ஒரே வாக்கியத்தில் முடித்து வைத்த பெருமை எனக்குத்தான்.

போன மாதம் திடீரென்று அவனே கூப்பிட்டான். “தீவுக்குப் போலாமா? மூணு நாள். நீ கண்டிப்பா வரணும்.”

மன்னித்துவிட்டான் என்று நம்பிப் பெட்டியைக் கட்டினேன். வந்த பிறகுதான் சந்தேகம்.

வந்த நாளிலிருந்து வானம் மூடியே கிடந்தது. கரையில் சிவப்புக் கொடி. சுற்றிக்காட்டும் படகு ஓடாது என்று துறையில் பலகை. பார்க்க ஒன்றுமில்லாததால் தின்றுகொண்டே இருந்தோம். எந்தக் கடைக்குப் போனாலும் மாஸ்டர் ஒரே கூத்தைத்தான் நடத்தினான். என் கையை இழுத்து, உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பை விடுவான். சமையற்காரர்கள் ருசி பார்க்கும் முறை அது. அவன் தன் கையில் விட்டுத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது என் கை.

“சொல்லு, எப்படி இருக்கு?”

“என் மாமியார் கோபம் மாதிரி. முதல்ல தெரியல, போகப் போக ஏறுது.”

“விளையாடாதடா. எது ஏறுது? மிளகா? மிளகு? புளிப்பு இருக்கா இல்லையா?”

நான் விவரமாகச் சொல்லும்வரை விடமாட்டான். குறை சொன்ன வாய்க்குத் தண்டனை என்று புரிந்துகொண்டேன். இப்போது அந்தத் தண்டனைக்கு மேல் உப்பும் சேர்ந்துவிட்டது.

“வர்றான், வர்றான்!” என்றான் வக்கீல்.

கடைக்கார அம்மாவின் அடுப்பை வேடிக்கை பார்க்கப் போயிருந்த மாஸ்டர் திரும்பி வந்துகொண்டிருந்தான். கொலையை மறைப்பவன் மாதிரி மூடியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டு, சூப்பை ஒரு கலக்குக் கலக்கினேன். வேறு கிண்ணம் கேட்கலாம் என்பது அப்புறம்தான் தோன்றியது.

மாஸ்டர் உட்கார்ந்தான். ஒரு கரண்டி குடித்தான். இன்னொரு கரண்டி. பிறகு கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கீழே வைத்தான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

“நல்லா இருந்துச்சாங்க?” என்றாள் கடைக்கார அம்மா.

“ரொம்ப நல்லா இருந்துச்சும்மா.”

வக்கீல் என் காதைக் கடித்தான். “பாத்துட்டான்டா. வேணும்னே குடிச்சுக் காட்டறான். நீயெல்லாம் மன்னிப்புக்கு மனு போட்டுப் பிரயோஜனமில்ல.”

சாயங்காலம் கலங்கரை விளக்கத்துக்குப் போனோம். முட்டி வலி என்று வக்கீல் கீழேயே உட்கார்ந்துவிட்டான். வழியெல்லாம் மாஸ்டர் மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தான். ஏறி முடித்தால், மேலே சாம்பல் நிறத்தைத் தவிர எதுவுமில்லை. வானம் எங்கே முடிந்து கடல் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை.

“மாஸ்டர், எம்மேல கோவமா?”

“காத்து பலமா அடிக்குது. கம்பியைப் பிடிச்சுக்கோ.”

“பேச்சை மாத்தாத. மூணு நாளா கேக்கறேன், மூணு நாளா வேற எதையாவது சொல்ற. சூப்புல உப்பைக் கொட்டினது நான்தான். நீ பாத்துட்டுத்தான் குடிச்சேன்னும் தெரியும். அன்னிக்குக் கல்யாணத்துல பேசினதும் தப்பு. திட்டு, ரெண்டு அறைகூட விடு. இப்படிச் சொட்டுச் சொட்டா கொல்லாத.”

அவன் மெதுவாகத் திரும்பினான். கோபத்தைத்தான் எதிர்பார்த்தேன். அவன் முகத்தில் இருந்தது பயம்.

“சூப்புல உப்பா? எவ்வளவு?”

“அரைப் புட்டி.”

அவன் கம்பியை விட்டான். பிறகு என் கையை எடுத்து, உள்ளங்கையைத் தன் கட்டைவிரலால் துடைத்தான்.

“அன்னிக்கு நீ மைக்ல சொன்னதும் உள்ள போய், ஒரு கைப்பிடி உப்பை அள்ளி வாயில போட்டேன்டா. மணலைத் தின்ன மாதிரி இருந்துச்சு. இனிமே ருசி திரும்பாதுன்னுட்டார் டாக்டர். எனக்கு உம்மேல என்னடா கோவம்? எது எப்படி ருசிக்கும்ங்கறதே ஒவ்வொண்ணா எனக்கு மறந்துட்டே வருது. முந்நூறு பேர் சாப்பிட்டுட்டு நல்லாயிருக்குன்னு சொன்ன இடத்துல, உள்ளதைச் சொன்ன நாக்கு உன்னுது ஒண்ணுதானே, அதான் கூட்டிட்டு வந்தேன்.”