பனி வராத வருஷம்

அக்கா மக்காச்சோளக் குருத்தை இரு விரல்களால் விரித்துப் பார்க்கிறாள். மரத்தூள் போன்ற ஈர எச்சத்துக்கு அடியில் பழுப்புப் புழு சுருண்டு கிடக்கிறது. "பனியில செத்துத் தொலையும்னு இருந்தோம். இந்த வருஷம் பனியே காணோம்" என்கிறாள். தம்பி மருந்து டேங்கை முதுகில் மாட்டுகிறான். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. "இப்ப அடிச்சா மழை கழுவிட்டுப் போயிடும்டா. இருக்கிற மருந்தே இவ்வளவுதான்." "நாளைக்குன்னா புழு இன்னும் உள்ள போயிடும்க்கா. மருந்து எட்டாது." அவள் அடுத்த குருத்தை விரிக்கிறாள். அதிலும் புழு. அவன் கைப்பிடியை அழுத்த, புகைபோல மருந்துச் சாரல் இலைகளில் படிகிறது. வரிசை முடியுமுன் அவள் கன்னத்தில் ஒரு மழைத்துளி விழுகிறது. அவன் பார்ப்பதற்குள் புறங்கையால் துடைக்கிறாள். அவன் தன் மணிக்கட்டில் விழுந்ததையும் பார்க்காதவன்போல அழுத்திக்கொண்டே நடக்கிறான்.