வாயை மூடிக்கொண்ட சென்சார்

பூமிக்கடியில் வட்டமான சுரங்கம் ஒன்று. அதற்குள் ஒரு துகள்கதிர் கண் இமைப்பதற்குள் பல நூறு சுற்று ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தடம் விலகினாலும் பக்கத்திலிருக்கும் காந்தத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும். அதனால் காந்தத்தின் மேல் ஒரு குட்டி சென்சாரை உட்கார வைத்திருந்தார்கள். கதிர் ஒழுங்காக ஓடும்வரை அது “சரி, சரி, சரி” என்று விடாமல் சொல்ல வேண்டும்.

“காது புளிச்சுப்போச்சுப்பா,” என்றது காந்தம் ஒருநாள். “ஏதாவது ஆனா மட்டும் சொல்லேன். எப்பப் பாரு தொணதொணன்னு.”

சென்சாருக்குச் சுருக்கென்றது. இவனுக்காகத்தானே தொண்டை வறளக் கத்துகிறோம்? இனி வாயைத் திறப்பதில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்தக் கணமே கதிர் பாதை மாறி ஓடி, சுரங்கத்திலிருந்து பிரியும் கிளையின் கோடியில், ஆபத்தென்றால் கதிரை வாங்கிக்கொள்ளவென்றே போட்டிருந்த பெரிய கரிக்கட்டிக்குள் போய் விழுந்தது. சுரங்கமே கப்சிப்.

காந்தம் பதறியது. “நான் நல்லாத்தானே இருக்கேன்? ஏன் நிறுத்திட்டாங்க?”

“அவன் பேசலையே,” என்றது கரிக்கட்டி, உடம்பெல்லாம் பழுக்கக் காய்ந்திருக்க. “அவன் பேசலைன்னா உனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னுதான் இங்க அர்த்தம். அதான் எல்லாத்தையும் என் தலையில கொட்டிட்டாங்க.”

சென்சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கோபம் முழுசாகத் தீரவில்லை. கதிரை மறுபடி ஓடவிட்டதும், வேண்டுமென்றே வாய்க்குள்ளேயே “சரி, சரி” என்று முணுமுணுத்தது.

“காதுல விழலப்பா,” என்றது காந்தம். “கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லேன்.”