ஆமை வீட்டு ஜன்னல்

நகானோ நகரின் சமூகக் கூடத்தில் 'குளிர் புகாத வீடு' கூட்டம். திட்ட மேலாளர் மியாசாகா பேசி முடித்ததும் ஒரு பெண்மணி எழுந்தார்.

"பனி விழறதுக்குள்ள எங்க வீட்டுக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டாகணும் சார். காலைல ஜன்னல்ல வழியற தண்ணியத் துடைச்சே என் கை மரத்துப்போகுது. என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் 'அடுத்த வருஷம்'கிறார்."

"அவருக்குக் குளிரலையாமா?"

"அவருக்கென்ன சார், அடியில ஹீட்டர் வெச்ச மேசையோட போர்வைக்குள்ள கழுத்து வரைக்கும் புகுந்துக்குவார், ஆமை மாதிரி."

கூட்டம் சிரித்தது. ஓரமாக நின்ற ஊழியர் குவபாரா மட்டும் சிரிக்காமல், காட்சிக்கு வைத்திருந்த, ஏற்கெனவே பளபளத்த ஜன்னலை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"இந்த மாதிரி ஆளுங்களாலதான்மா நம்ம திட்டமே நகர மாட்டேங்குது. கவலைப்படாதீங்க, நம்ம குவபாரா பேசினா கல்லும் கரையும். ஊருக்கே புத்தி சொல்றவர். ஏம்ப்பா, நாளைக்கே இவங்க வீட்டுக்குப் போய் அந்த மனுஷனைச் சம்மதிக்க வெச்சு, அளவெடுத்துட்டு வா."

"சரிங்க சார்," என்று குவபாரா தலை நிமிராமல் குனிந்து வணங்கினார்.

"அவருக்கு வழி சொல்லிடுங்கம்மா."

"வேண்டாம் சார், தெரியும். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு நேரா அந்தப் போர்வைக்குள்ளதான் வர்றார்."