எதிர்மனுதாரர் ஆஜர் இல்லை

"செல்லப்பன்... செல்லப்பன்... செல்லப்பன்!"

கடலூர் ஜில்லா கோர்ட்டின் டவாலி, தாழ்வாரத்துக் கூட்டத்தைப் பார்த்து மூன்று முறை குரல் கொடுத்தார். யாரும் முன்னால் வரவில்லை.

உள்ளே மங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தோளில் நான்கு வயதுப் பச்சமுத்து தூங்கிக்கொண்டிருந்தான். எட்டு வயதுக் கமலா தாயின் முந்தானையைப் பற்றியபடி வாசற்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வராததே நமக்கு நல்லதும்மா," என்றார் வக்கீல் ராஜாராம் தணிந்த குரலில். "அவர் வந்து நின்னு, 'எனக்குச் சம்மதமில்லை'ன்னு ஒரு வார்த்தை சொன்னா, இந்த மனு நிக்காது."

விவாகரத்து ஆனபோது, பிள்ளைகள் தாயிடம் வளரலாம் என்று சொன்ன கோர்ட், ஜில்லாவை விட்டு அழைத்துப் போவதானால் தகப்பனின் சம்மதமோ கோர்ட்டின் அனுமதியோ வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. இப்போது மங்கைக்கு வடக்கே, வெகு தூரத்துப் பிலாயில், இரும்பாலை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. பதினைந்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். இருக்கிற ஊரான செஞ்சியில் அவளுக்கு வேலை கொடுப்பாரும் இல்லை. புருஷனை விட்டு வந்தவள் என்று வாடகைக்கு வீடு கொடுப்பாரும் இல்லை.

அவள் புருஷனாயிருந்த செல்லப்பனோ மேல்மலையனூருக்கே போய், அம்மன் சந்நிதியில் கற்பூரம் ஏற்றி, அதை அணைத்துச் சத்தியம் செய்தவன். பிள்ளைகளை அனுப்பச் சம்மதம் என்று தன் வாயால் ஒருநாளும் சொல்வதில்லை என்று அவன் தமக்கை விருத்தாம்பாள் வாங்கிய சத்தியம் அது. ஊருக்கே தெரியும்.

ஜட்ஜ் தலைநிமிர்ந்து வாசலை ஒருமுறை பார்த்தார்.

"எதிர்மனுதாரர் ஆஜர் இல்லை. மனு அனுமதிக்கப்படுகிறது."

ஐந்தே நிமிஷம். மகிழ வேண்டிய மங்கைக்கு ஆத்திரம்தான் பொங்கியது. அவன் எதிர்த்து வாதாடியிருந்தால் வெறுத்திருப்பாள்; ஆனாலும், தகப்பன் என்று ஒரு மதிப்பு மிஞ்சியிருக்கும். பிள்ளைகளை மறந்தே போனவனுக்கு என்ன மதிப்பு வேண்டிக் கிடக்கிறது?

பஸ்ஸில் கமலாவுக்கு வறுத்த மல்லாட்டைக் கடலை வாங்கிக் கொடுத்தாள். பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் குழந்தை.

செஞ்சியில் இறங்கியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு சோடாக் கடையிலிருந்து பாவாடை கூப்பிட்டார்.

"இன்னாம்மா மங்கை, கேஸ் இன்னா ஆச்சு?"

"என் பக்கம் ஆயிடுச்சுண்ணே. வெள்ளிக்கிழமை கிளம்பறோம்."

"அப்படியா! அவன் இன்னா சொன்னான்?"

"வந்தாத்தானே சொல்றதுக்கு?"

"வரவே இல்லியா?" பாவாடை வாய்விட்டுச் சிரித்தார். "எம் பொணத்து மேலதான் புள்ளைங்க ஏறுற பஸ் போவணும்னு இங்கதாம்மா நின்னு கத்தினான்! வேலை செய்யற மண்டியில மூட்டை மேல படுத்துத் தூங்கிட்டான் போலக்குது."

பெஞ்சியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருவர், "வாய்ச்சவடாலுக்கு இன்னா செலவு?" என்றார்.

அந்தச் சிரிப்பு மங்கைக்கு இதமாக இருந்தது. தான் பட்ட பாட்டுக்கெல்லாம் ஊர் ஒருவழியாகத் தன் பக்கம் சாட்சி சொல்வதாகத் தோன்றியது. மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நல்லாக் கேட்டுக்க கமலா. நாளைக்குப் பெரியவளா ஆனப்புறம், 'எங்க நைனாகிட்டேயிருந்து ஏன் பிரிச்சே'ன்னு என்னைக் கேக்கக்கூடாது. உங்களுக்காக ஒருநாள் வேலையை விட மனசு வராத ஆளு அவரு. அவருக்கு நீங்க வேணாம்."

கமலா தோளை விடுவித்துக்கொண்டாள்.

"இல்லம்மா! நைனா வந்தாரு."

"எங்கேடி வந்தாரு?"

"கோர்ட்டுக்குத்தான். வெளியே தூணாண்ட நின்னுக்கினு இருந்தாரு. நான் பார்த்துட்டேன். சொல்லாதேன்னு வாய்மேல வெரலை வெச்சுக் காட்டினாரு."

சிரிப்பு நின்றது. பாவாடை கையிலிருந்த சோடாவை உடைக்காமலே கீழே வைத்தார்.

மங்கை மகளின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அவ்வளவு சத்தமா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்களேடி... அது அவரு காதுல விழலியா?"

"விழுந்துச்சும்மா. மொத தபா கூப்பிட்டப்ப ஓரடி முன்னால வந்துட்டாரு. ரெண்டாவது தபா தூணைக் கெட்டியாப் புடிச்சுக்கினாரு." கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணாவது தபா கூப்பிட்டப்ப, ரெண்டு காதையும் பொத்திக்கினாரும்மா."